பாஸ்டரிடம் கேட்காமல் தொடங்கிய டியூஷன் கீழ்ப்படியாமையா?

கடிதம் எழுதியவர் திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர். வயது 29, பி.எட். முடித்து தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறார். அப்பா இல்லை. அம்மா பீடி சுற்றித்தான் மகளைப் படிக்கவைத்திருக்கிறார். சிறு வயதிலிருந்தே இருவரும் ஒரே பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார்கள். இவர் அங்கே சண்டே ஸ்கூலும் எடுக்கிறார். வேலை கிடைக்காமல் இருந்த நாட்களில் அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகப் பாடம் சொல்லிக்கொடுத்தார். பள்ளி வேலை கிடைத்து அதை விட்ட பிறகும் பிள்ளைகள் வருவது நிற்கவில்லை, அதனால் வீட்டு முற்றத்திலேயே சாயங்கால வகுப்பாகத் தொடர்ந்துவிட்டது. இப்போது 22 பிள்ளைகள். கட்டணம் கிடையாது, துபாயில் இருக்கும் சித்தி மகனும் இரண்டு தோழிகளும் மாதாமாதம் அனுப்பும் பணத்தில் நோட்டும் சுண்டலும் வாங்குகிறார். பக்கத்து ஊர்த் தாய்மார்களும் கேட்டதால் அங்குள்ள சமுதாயக் கூடத்தில் இன்னொரு வகுப்பு தொடங்க நினைத்தார். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

பாஸ்டர் அழைத்துக் கண்டித்திருக்கிறார். தன்னிடம் கேட்காமல் தொடங்கியது கலகம், "பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம்" என்றிருக்கிறார். வருகிற பணத்தைச் சபைக் கணக்கில் கட்ட வேண்டும், சண்டே ஸ்கூல் இனி எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடைசியாக, இதைத் தொடர்ந்தால் கலியாணக் காரியம் தடைபடும் என்று ஜெபத்தில் தனக்கு உணர்த்தப்பட்டதாகவும் சொல்லியிருக்கிறார். அம்மா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லையாம். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த வசன அட்டையிலும் "கர்த்தருக்குக் காத்திரு" என்றே வந்திருந்தது இவரை இன்னும் குழப்பியிருக்கிறது. நான் கீழ்ப்படியாதவளா, அடையாளம் வரும்வரை நிறுத்தி வைக்கவா, இல்லை சபையையே விட்டுவிடவா என்று கேட்கிறார். நடுவில் ஒரு வரி: "எனக்கு இதில் அவ்வளவு ஆசை இருக்கிறது, அதனாலேயே இது தேவசித்தமாக இருக்காதோ என்று பயமாக இருக்கிறது."

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த நடு வரியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பாஸ்டர் ஐயா சொன்னதைவிட அதுதான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று நினைக்கிறேன். நமக்கு ஆசையாக இருப்பது தேவனுக்குப் பிடிக்காது, நமக்குக் கசப்பாக இருப்பதுதான் அவருடைய சித்தம் என்ற எண்ணம் நம் சபைகளில் பலருக்கு இருக்கிறது. யாரும் மேடையில் நின்று இப்படிப் பிரசங்கிப்பதில்லை, ஆனால் சாட்சிகளைக் கேட்டுக் கேட்டு அது ஊறிவிடுகிறது. பிலிப்பியர் 2:13 இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. தேவன் நம்மில் "விருப்பத்தையும் செய்கையையும்" உண்டாக்குகிறாராம். விருப்பம் முதலில் வருகிறது, கவனித்தீர்களா? எல்லா ஆசையும் அவரிடமிருந்து வருகிறது என்று நான் சொல்லவில்லை, சொந்தப் பெயருக்காகவும் நாம் நல்லது செய்யக்கூடியவர்கள்தான். ஆனால் பீடி சுற்றுகிற தாயின் பிள்ளை பின்னத்தைக் கூட்டக் கற்றுக்கொள்ளும்போது உங்களுக்கு வருகிற சந்தோஷத்தைச் சந்தேகப்பட வேண்டிய அவசியம் எதுவும் உங்கள் கடிதத்தில் எனக்குத் தெரியவில்லை.

அந்த வசனம் யாருக்குச் சொல்லப்பட்டது?

உங்கள் பைபிளை எடுத்து 1 சாமுவேல் 13, 14, 15 ஆகிய மூன்று அதிகாரங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். பாஸ்டர் ஐயா சொன்ன 15:22ஐ மட்டும் தனியாகப் பிடுங்கி வாசித்தால் இந்தக் கதை புரியாது.

13ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலின் ராஜாவான சவுல் கில்காலில் காத்திருக்கிறான். ஏழு நாள் காத்திரு, நான் வந்து பலியிடுவேன் என்று தீர்க்கதரிசி சாமுவேல் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஜனங்கள் கலைந்துபோவதைப் பார்த்த சவுல் பயந்து, தானே பலியிட்டுவிடுகிறான். இது தப்பான முயற்சி. ஏன் தப்பு என்றால் தெளிவான கட்டளை இருந்தது, அதை மீறினான். சரி, பக்கத்தைத் திருப்புங்கள். 14ஆம் அதிகாரத்தில் அவன் மகன் யோனத்தான் ஆயுததாரியை மட்டும் கூட்டிக்கொண்டு எதிரிகளான பெலிஸ்தரின் தாணையத்துக்கு, அதாவது காவல் முகாமுக்குப் போகிறான். தகப்பனுக்கு அறிவிக்கவில்லை என்று முதல் வசனத்திலேயே எழுதியிருக்கிறது. தகப்பன் என்றால் வெறும் அப்பா இல்லை, ராஜாவும் தளபதியும் அவன்தான். அவனோ ஏறக்குறைய 600 பேருடன் மாதளமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். யோனத்தானுக்குத் தரிசனம் வரவில்லை, தீர்க்கதரிசி யாரும் எதுவும் சொல்லவில்லை. "ஒருவேளை கர்த்தர் நமக்காக ஒரு காரியம் செய்வார்" என்கிறான். பெலிஸ்தர் ஏறிவாருங்கள் என்று கூப்பிட்டால் அதுவே அடையாளம் என்று வைத்துக்கொண்டு, அது வருமுன்னே கிளம்பிவிடுகிறான். அந்த "ஒருவேளை"யோடு பாறையைத் தொற்றி ஏறினான், அன்றைக்கு இஸ்ரவேலுக்கு ரட்சிப்பு வந்தது. யோனத்தானைக் கலகக்காரன் என்று அந்த அதிகாரம் எங்கேயும் சொல்லவில்லை. மாறாக, சவுல் யோசிக்காமல் இட்ட ஆணையால் அவனுக்கே சாவு என்று வந்தபோது ஜனங்கள் குறுக்கே நின்று, இவன் தேவன் துணைநிற்கக் காரியம் நடப்பித்தவன் என்று சொல்லி மீட்டார்கள்.

இதற்குப் பிறகுதான் 15ஆம் அதிகாரமும் உங்களிடம் சொல்லப்பட்ட வசனமும் வருகின்றன. அமலேக்கியரிடம் பிடித்ததில் ஒன்றும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது கட்டளை. சவுல் ஆகாக் ராஜாவையும் கொழுத்த ஆடுமாடுகளையும் தப்பவிட்டுவிட்டு, பலியிடத்தான் வைத்திருக்கிறோம் என்று கதை சொன்னான். பலியைவிடக் கீழ்ப்படிதல் உத்தமம் என்று சாமுவேல் சொன்னது அவனிடம்தான். அதாவது அதிகாரத்தில் இருந்தவனிடம் சொன்னது, அதிகாரத்துக்குக் கீழே இருந்தவர்களிடம் சொன்னதல்ல. 24ஆம் வசனத்தில் சவுலே தன் காரணத்தை ஒப்புக்கொள்கிறான்: "நான் ஜனங்களுக்குப் பயந்து, அவர்கள் சொல்லைக் கேட்டேன்." தேவனுக்குக் கீழ்ப்படியாமல் போனதே மனிதருக்குப் பயந்ததால்தான்! இந்த வசனத்தை வைத்து ஒருவரை மனிதருக்குப் பயப்படவைப்பது எனக்கு எப்போதுமே கொஞ்சம் விசித்திரமாகப்படும்.

ஆக, கீழ்ப்படிவதற்கு முதலில் ஒரு கட்டளை இருக்க வேண்டும். பொய் சொல்லாதே, ஏழையைத் தள்ளாதே என்பதெல்லாம் கட்டளை, அதற்கு நீங்களும் கீழ்ப்படிய வேண்டும், பாஸ்டர் ஐயாவும் கீழ்ப்படிய வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்காதே என்று எங்கேயும் கட்டளை இல்லை. கட்டளை இல்லாத இடத்தில் கண்ணெதிரே இருக்கிற நன்மையைச் செய்ய அனுமதிச் சீட்டு தேவையில்லை. அனுமதி கேட்காததைக் கீழ்ப்படியாமை என்று பெயர் மாற்றிச் சொல்லும்போதுதான் உங்களைப் போன்றவர்கள் குற்றவுணர்வில் மாட்டிக்கொள்கிறார்கள்.

"உங்களை நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்குங்கள்" என்று எபிரெயர் 13:17 இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, அதை மழுப்ப நான் தயாரில்லை. உபதேசத்திலும் சபை ஒழுங்கிலும் மேய்ப்பருக்கு அதிகாரம் உண்டு. சண்டே ஸ்கூல் யார் எடுப்பது என்று தீர்மானிப்பது அவர் பொறுப்பு, வேண்டாம் என்றால் மனம் வலித்தாலும் விட்டுக்கொடுத்துவிடுங்கள், அதற்காக மற்ற டீச்சர்களிடம் புலம்பவும் வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டு முற்றத்தில் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது சபை ஒழுங்கில் வராது. பவுலைவிடப் பெரிய அதிகாரம் எந்தப் போதகருக்கும் இல்லை. அவர் சக ஊழியனான அப்பொல்லோவைக் கொரிந்துவுக்குப் போகச்சொல்லி மிகவும் வேண்டிக்கொண்டார், அவனோ இப்போது போக மனதில்லை என்று சொல்லிவிட்டான். பவுல் அதை 1 கொரிந்தியர் 16:12இல் சாதாரணமாக எழுதிவிட்டு, சமயம் வாய்க்கும்போது வருவான் என்று முடித்துக்கொள்கிறார். சாபம் இல்லை, கலகம் என்ற பேச்சும் இல்லை.

வேலை, வீடு, கலியாணம் என்று எல்லாவற்றுக்கும் மேய்ப்பரிடம் கேட்டே ஆக வேண்டும் என்ற போதனை புதிதும் இல்லை. 1970களில் அமெரிக்காவில், ஃப்ளோரிடாவை மையமாகக்கொண்டு ஐந்து பிரபல போதகர்கள் இதையே ஒரு பெரிய இயக்கமாக நடத்தினார்கள். நம் ஊர் விசுவாசிகள் பலருக்கும் தெரிந்த டெரிக் பிரின்ஸ் அதில் ஒருவர். நல்ல எண்ணத்தில்தான் ஆரம்பித்தார்கள், ஒழுங்கில்லாத விசுவாசிகளை நிலைநிறுத்த வேண்டும் என்று. ஆனால் அந்த அதிகாரத்தால் நிறையப் பேர் காயப்பட்டார்கள், டெரிக் பிரின்ஸே 1980களில் விலகினார், இன்னொருவரான பாப் மம்ஃபோர்ட் பின்னர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்.

ஆனால் பாஸ்டர் கேட்டதில் நியாயமும் இருக்கிறது

இதுவரை படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டிருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். பாஸ்டர் ஐயாவுக்கு வெறும் ஈகோதான் என்று எழுதியிருக்கிறீர்கள், அதில் நான் முழுவதும் உடன்பட முடியாது. அவர் இடத்தில் இருந்து பாருங்கள். சபையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு பெண், சபைக்கு வெளியே இருந்து பணம் வாங்கி, வேற்று மதக் குடும்பத்துப் பிள்ளைகளையும் சேர்த்து வகுப்பு நடத்துகிறார். நாளைக்கு ஏதாவது பிரச்சினை என்றால் ஊர்க்காரர்கள் வந்து நிற்கப்போவது அவர் வீட்டு வாசலில்தான். இதை அவர் வேறு யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். அனுமதி கேட்காதது தப்பில்லை, ஆனால் தெரிவித்திருக்கலாம், அதைச் செய்யாதது மரியாதைக் குறைவு. அதற்கு மட்டும் வருத்தம் தெரிவித்துவிடுங்கள், அதோடு வகுப்பை நிறுத்துகிறேன் என்பதைச் சேர்க்காமல்.

பெர்சிய ராஜாவிடம் பானபாத்திரக்காரராக இருந்த நெகேமியாவைப் பாருங்கள். எருசலேமின் அலங்கம், அதாவது மதில் இடிந்த செய்தி கேட்டு அழுதார், உபவாசம் இருந்தார், கிஸ்லேவ் மாதத்திலிருந்து நிசான் மாதம் வரை ஏறக்குறைய நாலு மாதம் காத்திருந்தார். அந்தக் காத்திருப்பில் அவர் சும்மா இருந்த மாதிரித் தெரியவில்லை, ராஜா கேட்ட உடனே எவ்வளவு காலம் ஆகும், எந்த அதிபதிகளுக்குக் கடிதம் வேண்டும், மரத்துக்கு யாரிடம் ஆர்டர் வாங்க வேண்டும் என்று எல்லாம் தயாராகச் சொல்கிறார். இப்படி ஒரு தயாரிப்பு உங்களிடம் இருக்கிறதா? கடிதத்தில் தெரியவில்லை. அதனால் சில விஷயங்கள்.

பணம். தோழிகள் பிள்ளைகளுக்காகக் கொடுப்பது தசமபாகம் அல்ல. கொடுத்தவர்களைக் கேட்காமல் அதைச் சபைக் கணக்கில் கட்ட உங்களுக்கே உரிமை இல்லை, கட்டவும் வேண்டாம். அதற்காக உங்கள் சம்பளம் வரும் கணக்கிலேயே அதுவும் கலந்து கிடப்பது நல்லதல்ல. தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, ஒரு வரவுசெலவு நோட்டு, மாதம் ஒரு முறை கொடுத்தவர்களுக்கு வாட்ஸ்ஆப்பில் அதன் படம், இவ்வளவு போதும். சித்தி மகன் இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் என்றால் அவர் தன் சம்பாத்தியத்திலிருந்து அனுப்புவதில் சிக்கல் இல்லை. ஆனால் அவருடைய வெளிநாட்டு நண்பர்களும் உதவ ஆசைப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது வேண்டவே வேண்டாம். வெளிநாட்டுக் குடிமக்களிடமிருந்து இப்படிப்பட்ட வேலைக்கு நன்கொடை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. எனப்படும் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், தனியாளாக நீங்கள் அதில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

பாடலும் ஜெபமும். வகுப்பு முடிந்ததும் ஒரு கோரஸ் பாடி ஜெபித்து அனுப்புவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைகளில் இந்து, முஸ்லிம் குடும்பத்தவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் அம்மாக்களுக்கு இது தெரியுமா? டியூஷன் என்று நம்பி அனுப்புகிறார்கள் என்றால் டியூஷன் மட்டும் நடக்கட்டும். அவர்கள் நம்பிக்கையைக் காப்பாற்றுவதும் ஊழியம்தான். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

பிள்ளைகளின் பாதுகாப்பு. சமுதாயக் கூடத்தில் தனியாக நடத்தாதீர்கள். எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கட்டும், ஒருவர் அந்த ஊர்த் தாய்மார்களில் ஒருவராக இருந்தால் இன்னும் நல்லது. இருட்டிய பிறகு பெண்பிள்ளைகள் யாரோடு வீட்டுக்குப் போகிறார்கள் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். கூடத்தைப் பயன்படுத்த ஊராட்சியில் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள்.

அட்டையில் வந்த வசனம்

ஜனவரி முதல் தேதி கூடையில் கைவிட்டு எடுக்கிற அட்டை நமக்கு ஆறுதல் தருகிறது, அதை நான் கேலி செய்ய மாட்டேன், நானும் எடுக்கிறவள்தான். ஆனால் சங்கீதம் 27:14 உங்கள் டியூஷனைப் பற்றிப் பேசவில்லை. அதே கூடையில் யாரோ ஒருவருக்கு "எழும்பிப் பிரகாசி" வந்திருக்கும், அவர் அதை வைத்து வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்குக் கிளம்பினால் நீங்களே தடுப்பீர்கள். அடையாளம் என்றதும் எல்லோரும் கிதியோன் அடையாளம் கேட்டுப் போட்ட ஆட்டுத்தோலைச் சொல்வார்கள். கிதியோனுக்குத் தேவன் முதலிலேயே போ என்று சொல்லிவிட்டார், தோல் போட்டது அதன் பிறகும் தீராத பயத்தால். அப்போஸ்தலர் 16இல் பவுலின் குழு ஆசியாவுக்குப் போகப் பார்த்தது, தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தது, அங்கேயும் தடை. கடைசியில் துரோவாவில்தான் மக்கெதோனியாவுக்கு வா என்ற தரிசனம் வந்தது. நடந்துகொண்டிருந்தார்கள், வழியில் திருப்பப்பட்டார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு தடை வரலாம், வந்தால் தெரியும்.

நம் திருநெல்வேலியிலேயே ஒரு கதை இருக்கிறது. பாளையங்கோட்டையில் இருந்த குளோரிந்தா, தஞ்சாவூர்ப் பக்கத்து மராட்டியப் பிராமண விதவை. ஆங்கிலேய அதிகாரி ஒருவருடன் வாழ்ந்த காலத்தில் ஞானஸ்நானம் கேட்டபோது ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் கொடுக்க மறுத்தார், இருவருக்கும் திருமணம் ஆகவில்லை என்ற காரணத்தால். அந்த அதிகாரி இறந்த பிறகு 1778இல்தான் ஞானஸ்நானம் கிடைத்தது. ஆக, போதகர் காரணம் சொல்லி மறுத்ததை அந்த அம்மாள் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஐயர் எப்போது வருவார் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை, தன்னைச் சுற்றி ஆட்களைச் சேர்த்தார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் 40 பேர், முதல் பெயர் அவருடையது. 1785இல் அவர் முயற்சியில் கட்டிய ஆலயத்தை, பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊரார் சொல்கிற அந்த ஆலயத்தை, ஸ்வார்ட்ஸ் ஐயரே வந்து பிரதிஷ்டை செய்தார். காரணம் சொல்லி மறுப்பது ஒன்று, என்னிடம் கேட்கவில்லை என்பதற்காக மறுப்பது வேறு. உங்களுக்குக் கிடைத்த மறுப்பில் காரணம் ஏதாவது இருக்கிறதா என்று பாஸ்டர் ஐயாவிடமே மரியாதையாகக் கேளுங்கள். இருந்தால் யோசியுங்கள்.

கலியாணத் தடை, சபையை விடுவது

இதில் மட்டும் நான் பட்டும் படாமலும் பேச மாட்டேன். திருமணமாகாத ஒரு பெண்ணிடம், அதுவும் அப்பா இல்லாத வீட்டில், என் பேச்சைக் கேட்காவிட்டால் கலியாணம் நடக்காது என்று சொல்வது மிரட்டல். ஜெபத்தில் உணர்த்தப்பட்டது என்று சொன்னாலும் அது மிரட்டல்தான். தீர்க்கதரிசனத்தை அற்பமாய் எண்ணாதே என்ற கையோடு எல்லாவற்றையும் சோதித்துப் பார் என்றும் வேதம் சொல்கிறது. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம், ஆலயம் கட்டு, கர்த்தர் உன்னோடு இருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அன்று ராத்திரியே திருத்தப்பட்டு மறுபடியும் வந்து மாற்றிச் சொன்னார். நாத்தானுக்கே அப்படி என்றால்! "அபிஷேகம்பண்ணப்பட்டவர்களைத் தொடாதிருங்கள்" என்று அம்மா உங்களிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். சங்கீதம் 105ஐ அம்மாவோடு உட்கார்ந்து வாசியுங்கள், அங்கே கண்டிக்கப்படுவது ராஜாக்கள், காக்கப்படுவது கொஞ்சப் பேராய்ப் பரதேசிகளாய் அலைந்த குடும்பம். அப்படியே நீதிமொழிகள் 26:2, "காரணமில்லாமலிட்ட சாபம் தங்காது" என்பதையும் காட்டுங்கள். அம்மாவிடம் வாதாட வேண்டாம், வாசித்தால் போதும். அவர் சாப்பிடாமல் இருப்பது நீடித்தால், தூக்கமும் கெட்டால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு முறை கூட்டிப்போங்கள், உபவாசம் என்று விட்டுவிடாதீர்கள்.

சபையை இப்போதே விட வேண்டாம் என்பது என் கருத்து. கோபத்தில் போனால் அடுத்த சபையிலும் இதே கேள்வி உங்களுக்குள் உட்கார்ந்திருக்கும். ஞாயிறு ஆராதனை முடிந்த கூட்டத்தில் பேசாமல், ஒரு வார நாளில் நேரம் கேட்டு, பாஸ்டரின் மனைவியும் சபை மூப்பர் ஒருவரும் கூட இருக்கும்படி பேசுங்கள். வரவுசெலவு நோட்டை எடுத்துப்போய்க் காட்டுங்கள், பணத்தைக் கொடுக்க அல்ல, பார்க்க. விருப்பமானால் ஒருநாள் வகுப்புக்கு வரச்சொல்லுங்கள். அவர் மனம் மாறலாம், மாறுகிறவர்கள் இருக்கிறார்கள். மாறாமல், மேடையிலிருந்து உங்களைக் குத்திப் பேசுவது, மற்றவர்களை உங்களோடு பேசவிடாமல் செய்வது, வருகிற வரன் வீட்டாரிடம் உங்களைப் பற்றிச் சொல்வது என்று போனால், அப்போது வேறு சபை தேடுங்கள். அதை விசுவாசத் துரோகம் என்று யார் சொன்னாலும் கேட்க வேண்டாம்.

பக்கத்து ஊர் வகுப்பை ஜூன் வரை தள்ளிப்போடுங்கள், கணக்கும் ஆட்களும் அதற்குள் சரியாகட்டும். முற்றத்து வகுப்பை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள், அதில் ஐந்து பேர் இந்த வருடம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.